முப்பத்தைந்தாம் நம்பர்

இசக்கியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில், மூன்றாம் வரிசையின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். அவர் பிறந்ததும் அதே வரிசையில்தான், நான்கு வீடு தள்ளி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்க வந்தார். பதிவேட்டில் அவருக்கு முப்பத்தைந்தாம் நம்பர். கணவர் ஒன்பது வருடங்களுக்கு முன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஒரே மகன் வசந்தகுமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

வரிசையில் பன்னிரண்டு வீடுகள். தேயிலை விலை விழுந்து, வேலை நாட்கள் குறையக் குறைய, ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கிப் போனது. இப்போது நான்கு வீடுகளில்தான் அடுப்பு எரிகிறது. மற்ற எட்டுக் கதவுகளிலும் பூட்டுகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன.

முன்பெல்லாம் காலை ஆறரைக்கு எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள். சூப்பர்வைசர் நம்பரைக் கூப்பிட, அவரவர் குரல் கொடுக்க, ஆட்களைப் பிரித்துத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அறுபது பேர் வந்து நின்று முப்பத்தைந்து பேரைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தபோது, பெரட்டு வாட்ஸ்அப்புக்கு மாறியது. அன்றைக்கு வேலையுள்ள இருபத்தைந்து நம்பர்களை, அவரவர் போக வேண்டிய தோட்ட நம்பரோடு, விடியற்காலை ஐந்தரைக்குக் குழுவில் போடுவார்கள். பட்டியலில் இருப்பவர்கள் ஆறு மணிக்குள் தங்கள் நம்பரைத் தட்டி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களின் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. ஆபீஸில் கணினி வேலை பார்ப்பவள் என்பதால் பட்டியலைப் போடும் வேலை எனக்கு வந்தது. ஒரு பொத்தானை அழுத்துவதுதான். பனியில் யாரையும் நிற்கவைக்க வேண்டாம் என்று அப்போது எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

இசக்கியம்மாவுக்கு ஐந்தரை மணிச் செய்திக்கான காத்திருப்பு முதல் நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். மகன் வாங்கிக் கொடுத்த பழைய போன். கையில் வைத்துக்கொண்டு சும்மா எப்படி இருப்பது? ஒருவர் மீன் வறுப்பார், ஒருவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவார், ஒருத்தி காரணம் சொல்லாமல் அழுவாள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். கீழே வைக்கும்போது மணி இரண்டு, மூன்று ஆகியிருக்கும். கண் எரியும், நெஞ்சு படபடக்கும். வேலையில்லாத நாட்களில் கம்பளிக்குள்ளேயே மதியம் வரை கிடப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கூப்பிடுவான்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

இசக்கியம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. "என்னமோ சாப்ட்டேன் போ."

"ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆன்லைன்லயே இருக்கற. யாருகூடம்மா அப்படிப் பேசற?" என்று சிரித்தான்.

"யாருகூடயும் இல்லடா."

அது உண்மை என்பது போனை வைத்த பிறகுதான் தனக்கே உறைத்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

விடியலில் தூங்கிப்போவது வழக்கமாயிற்று. ஆறே காலுக்குத் திடுக்கிட்டு எழுந்து குழுவைப் பார்ப்பார். ஆறு மணிக்குப் பிறகு வரும் இறுதிப் பட்டியலில் முப்பத்தைந்து இருக்கும். சூப்பர்வைசர் பாலசுப்பிரமணியம் சார் தன்மேல் இரக்கப்பட்டு விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் ஓடுவார். இரக்கப்பட்டவரிடம் அதைப் பற்றிப் பேசினால் கெட்டுப்போகும் என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆடி மாதத்தில், தள்ளிக்கொண்டே போன வீடியோக்களுக்கு நடுவில் ஒரு பெண் வந்தாள். போனைத் தொடுவதற்கு முன் தினமும் மூன்று நன்றிகளை எழுதுங்கள், மனம் லேசாகும், போன்மேல் இருக்கும் ஆசையும் குறையும் என்றாள். இசக்கியம்மா அந்த வீடியோவை மட்டும் இரண்டு முறை பார்த்தார். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

முதல் நாள்: குழாயில் தண்ணீர் வந்தது. மழை விட்டது. தலைவலி இல்லை.

இரண்டாம் நாள்: தண்ணீர் வந்தது. காஸ் தீரவில்லை. மழை கொஞ்சமாகப் பெய்தது.

மூன்றாம் நாளும் தண்ணீரில்தான் ஆரம்பித்தது. நான்காம் நாள் பேனா நின்றுவிட்டது. மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட ஓர் ஆளின் பெயர் இல்லை. தண்ணீருக்கும் மழைக்கும் நன்றி சொல்லியிருக்கிறோம்; மனுஷர் யாருமே நமக்கு ஒன்றும் செய்யவில்லையா? நாம் யாருக்காவது செய்தோமா? நினைக்க நினைக்க, எழுதுவதற்கு முன்பு இருந்ததைவிட மனம் கனத்துப்போனது.

யாராவது ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவருக்குத் தெரிந்த ஆட்கள் எல்லோரும் இருக்கும் ஒரே இடம் பெரட்டுக் குழு. வெறும் எண்கள் மட்டும் வரும் அந்தக் குழுவை யாரும் பின்னால் தள்ளிப் பார்ப்பதில்லை. இசக்கியம்மா பார்த்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு மாதத்துக்கு முந்தைய செய்திகள் வரை தள்ளிக்கொண்டே போனார்.

தான் தூங்கிப்போன நாட்களில் முப்பத்தைந்து என்ற எண் குழுவில் இருந்தது. ஆனால் அது அவருடைய போனிலிருந்து வந்ததில்லை. அனுப்பியவரின் வட்டப் படத்தில், பட்டமளிப்பு அங்கியில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையின் முதல் வீட்டுப் பிலோமியின் மகள். கல்யாணமாகி மேட்டுப்பாளையம் போனபோது பழைய போனை அம்மாவிடம் விட்டுச் சென்றிருந்தாள்.

பிலோமிக்கு முப்பத்து நான்காம் நம்பர். இசக்கியம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். இருபது வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒருவர் போகும் நாளில் பல சமயம் மற்றவருக்கு வேலை இருப்பதில்லை; இருந்தாலும் வேறு தோட்டமாக இருக்கும். பேச்சு குறைந்து, நான்கு மாதமாக முகம் பார்த்துச் சிரிப்பதோடு சரி. மகளைப் பட்டம் படிக்கவைத்த கர்வம் என்று இசக்கியம்மா மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

எண்ணிப் பார்த்தார். பதினோரு காலைகள். அதில் ஐந்து நாட்களின் பட்டியலில் முப்பத்து நான்கு கிடையவே கிடையாது. தனக்கு வேலையில்லாத நாளிலும் பிலோமி ஐந்தரைக்கு எழுந்து, இவருக்காக ஓர் எண்ணைத் தட்டியிருக்கிறார்.

இசக்கியம்மா நேரே எழுந்து முதல் வீட்டுக்குப் போயிருக்கலாம். பத்து வீடுதான் இடையில். போனைக் கையில் வைத்திருப்பவருக்கு அது தோன்றவில்லை. பிலோமி அனுப்பிய எண்ணின் மேல் விரலை வைத்து இழுத்தார். அது கீழே வந்து ஒட்டிக்கொண்டது. பிலோமியின் செய்தியைப் பிடித்துக்கொண்டு பேசினால் அது பிலோமிக்குத்தான் போகும் என்று நினைத்து, மைக்கை அழுத்தினார்.

"பிலோமியக்கா, இசக்கி பேசறேன். இன்னிக்குத்தான் பாத்தேனுங்க. உங்க மக போன்ல இருந்து எம்பட நம்பர நீங்கதான் போட்டிருக்கீங்க. பதினோரு நாளு. நான் காய்ச்சல்லயா படுத்திருந்தேன்? இந்தப் போனைப் பாத்துப் பாத்துத் தூங்காம, விடியற நேரத்துக்குச் செத்த மாதிரி கெடந்திருக்கேன். உங்களுக்கு வேலையில்லாத நாள்லகூட எந்திரிச்சுப் போட்டிருக்கீங்களே. என்னத்தச் சொல்றது. ரொம்ப நன்றிங்கக்கா."

ஐம்பத்திரண்டு விநாடி. கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அன்றைக்குப் பல நாட்களுக்குப் பிறகு உட்கார்ந்து சோறு தின்றதாகச் சொன்னார்.

குழுவில் இருந்த அறுபது பேரும் அதைக் கேட்டார்கள். நானும் கேட்டேன். முப்பத்தைந்து வேறு போனிலிருந்து வருவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் பிலோமி வாசலில் நின்றார்.

"ஏம் புள்ள, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல மைக் செட்டு வெச்சுச் சொல்லியிருக்கலாமே?"

"என்னங்கக்கா?"

"என்னங்கக்காவா? நன்றியப் பெரட்டுல போட்டிருக்கற! சாரு, மேனேஜரு, ட்ரைவரு எல்லாரும் கேட்டாச்சு. அழி அதை!"

"எப்படிங்க அழிக்கறது?"

"ராத்திரி பூரா அதையே கட்டிட்டு அழறயே, அழிக்கத் தெரியாதா?"

இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். குப்பைத்தொட்டிப் படம் ஒன்று வந்தது. அழுத்தினார்கள். இரண்டு வரி வந்தது. மேலே இருந்ததா, கீழே இருந்ததா, ஏதோ ஒன்றை இசக்கியம்மா தொட்டார். குரல் பதிவு மறைந்தது. அப்பாடா என்று பிலோமி தன் போனைத் திறந்து பார்த்தார். அங்கே அது அப்படியே இருந்தது. இசக்கியம்மாவின் போனிலிருந்து மட்டும்தான் போயிருந்தது.

பிலோமி திரும்பி நடந்தார்.

திங்கட்கிழமை இருவரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். பாலசுப்பிரமணியம் சார் அன்னூர்க்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. கோபம் கூடக் கூட மரியாதையும் கூடும்.

"ஏனுங்க பிலோமி, இசக்கியம்மா போன்ல சார்ஜ் நிக்கறதில்லை, சில நாள் உங்க மக போன்ல இருந்து அவங்களே போடுவாங்கன்னு எங்கிட்டச் சொன்னீங்களே. அது பொய்யிங்களா?"

"பொய்யிங்க சார்."

"இவ்வளவு லேசாச் சொல்றீங்களேங்க?"

"பொய்யைப் பொய்யின்னுதானுங்க சொல்ல முடியும்."

"கதவைத் தட்டி எழுப்பி விட்டிருந்தா நானே ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேனே."

"மொத நாள் தட்டுனேன் சார். 'எவ அது காலங்காத்தால'ன்னு உள்ள இருந்து கத்துனா. அவ வாய்ல விழறதுக்கு நம்பரைப் போட்டுட்டுப் போயரலாம்னு போட்டேன்."

இசக்கியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியது அவருக்கு நினைவே இல்லை.

சார் பேனாவை மேசைமேல் வைத்தார். "அந்தப் பதினோரு இடமும் அடுத்த ஆளுக்குப் போக வேண்டியதுங்க. அவங்களும் விடிய எந்திரிச்சுப் போனைப் பாத்துட்டுத்தானே உக்காந்திருந்திருப்பாங்க? அவங்க வயிறு வயிறில்லீங்களா?" என்றவர், பிலோமியின் பெயர் ஒரு மாதத்துக்குப் பட்டியலில் வராது என்றார்.

பிலோமியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

"எனக்குங்க சார்?" என்றார் இசக்கியம்மா.

"நீங்க தூங்குனதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லீங்களே."

"அந்த ஒரு மாசத்தை எம்பேர்ல போட்டுருங்க சார். அக்கா போகட்டும்."

"தண்டனைங்கறது பார்சலுங்களா, அட்ரஸ் மாத்தி அனுப்பறதுக்கு?"

"அப்ப எம்பேர் வர்ற நாள்ல அக்கா போகட்டுங்க. கூலியும் அக்காவுக்கே. எனக்கு ரேஷன் அரிசி இருக்குது, பையன் அனுப்பறான். நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

சார் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மழைக்குப் பிறகு கொழுந்து முட்டிக்கொண்டு நின்ற நேரம் அது. எஸ்டேட்டில் பிலோமியைப் போல வேகமாகப் பறிக்க ஆள் கிடையாது. அவர் யோசித்தது இரக்கத்தினாலா கொழுந்தினாலா என்று எனக்குத் தெரியாது.

"சரிங்க. ஆனா முப்பத்தஞ்சு உங்க போன்ல இருந்து, நீங்களே, ஆறு மணிக்குள்ள போடணும். ஒரு நாள் தவறுனாலும் இந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க."

பிலோமிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "இவ எந்திரிச்சு நம்பர் போட்டு நான் வேலைக்குப் போறதா? அதுக்கு நான் இன்னிக்கே மேட்டுப்பாளையம் பஸ் ஏறிரலாம் சார்."

சொன்னாரே தவிர, கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் இசக்கியம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் குறுக்கு வழியில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இசக்கியம்மா மகனைக் கூப்பிட்டு அலாரம் வைக்கும் விதத்தைக் கேட்டார். போனைத் தூரமாக வைத்தால் அலாரம் கேட்காது. பக்கத்தில் வைத்தால் கை போகும். மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிப் பார்த்தார், கம்பளிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். முதல் சில நாட்கள் தூங்கிப்போய்விடுவோமோ என்ற பயத்தில் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். வீடியோ எதையும் திறக்கவில்லை. திறந்தால் கண் செருகும். கண் செருகினால் பிலோமியின் ஒரு நாள் போய்விடும்.

நான் பட்டியலைப் போட்ட அடுத்த கணமே குழுவில் முப்பத்தைந்து வந்து விழும். சில நாட்களில் நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வரும்.

அந்தக் குளிரில் இரண்டு எண்களை அழுத்த விரல் மடங்காது என்றார் என்னிடம். வாயில் வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டு அழுத்த வேண்டும். அழுத்தும்போது, பிலோமி இதைப் பதினோரு தடவை, யாரும் கேட்காமல் செய்திருக்கிறார் என்று தோன்றும். நன்றி என்று அன்றைக்குக் குரல் பதிவில் தான் சொன்னது பாதிதான், அது எதற்கு என்பதே அப்போது தெரியாது என்றார். நாட்காட்டித் தாளில் எழுதுவதையும் விட்டுவிட்டார். எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் இல்லை. எண் அனுப்பியாகிவிட்டது, அவ்வளவு போதும் என்று இருந்ததாம்.

பகல்தான் நீண்டது. ஆறேகாலுக்குப் பிலோமி இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, முதுகில் பையோடு வாசலைக் கடந்து போவார். பார்க்க மாட்டார். இருமல் வந்தால்கூட அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் இருமுவார். அதன் பிறகு வரிசையில் எந்தச் சத்தமும் இருக்காது. பூட்டிய வீடுகளின் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்கும். மத்தியானத்தில் இசக்கியம்மா வீடியோ பார்த்தார். அதை அவர் மறைக்கவில்லை. ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். "பின்ன யாரு மூஞ்சியப் பாக்கறதுங்க கண்ணு?" என்று என்னைக் கேட்டார். விளக்குப் போட்ட பிறகு எடுப்பதில்லை. எட்டரைக்குப் படுத்தார். நெஞ்சுப் படபடப்பு எந்த நாளில் நின்றது என்று அவருக்குத் தெரியாது. நின்றிருந்ததை ஒரு நாள் கவனித்தார்.

பத்தொன்பதாம் நாள். முந்தைய சாயங்காலம் அடித்த காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்டு போயிற்று, டவரும் போயிற்று. இசக்கியம்மா ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது போனில் ஒரு கோடுகூட இல்லை. ஏழாம் நம்பர் தோட்டத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே நின்றால் எதிர்மலை டவர் எப்போதாவது கிடைக்கும். பட்டியலில் தன் நம்பர் இருக்கிறதா என்றே தெரியாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை நின்றது. டார்ச்சை அணைத்துவிட்டு, அது நகரும் வரை நிற்கலாமா என்று யோசித்தார். நேரம் இல்லை. சுற்றிக்கொண்டு, கவாத்து வெட்டிய செடிகளுக்குள் கையை ஊன்றி ஏறினார். முழங்காலில் குச்சி கிழித்தது.

தொட்டி மேல் நின்று கையை உயர்த்திப் பிடித்தார். ஐந்து நாற்பத்தேழுக்குப் பட்டியல் வந்தது. முப்பத்தைந்து இருந்தது. அனுப்பினார். போகவில்லை. சின்னக் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை ஜாக்கெட்டுக்குள் மழைபடாமல் வைப்பதும், எடுத்து உயர்த்துவதுமாக நின்றார்.

ஆபீஸில் ஜெனரேட்டரும் கேபிள் இணையமும் உண்டு; என் மேசையில் அது ஐந்து ஐம்பத்தாறுக்கு வந்தது. அன்று வந்த பதில்கள் மொத்தம் ஒன்பதுதான்.

அவர் இறங்கி வந்தபோது பிலோமி முதல் வீட்டு வாசலில், இடுப்பில் கட்டிய தாளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போனில் கோடு இல்லை, இன்றைக்கு வேலை போனது என்று முடிவு செய்துவிட்டவர், சேறும் ரத்தமுமாக மேட்டிலிருந்து இறங்கி வருபவரைப் பார்த்தார்.

"எங்க போய்ட்டு வர்ற?"

"தொட்டிக்குங்கக்கா. நம்பர் போயிருச்சு. ரெண்டாம் நம்பர் தோட்டம். கெளம்புங்க."

பிலோமி முழங்காலைப் பார்த்தார், தலையில் கவிழ்ந்திருந்த சாக்கைப் பார்த்தார்.

"ரெண்டாம் நம்பரா? நான்கூட, மறுபடியும் எவளுக்கோ நன்றி சொல்ல டவர் தேடிப் போனயோன்னு நெனச்சேன்."

இசக்கியம்மா சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு. "இனி யாருக்கும் சொல்ல மாட்டேனுங்கக்கா."

"சொல்லேன். வாய் இருக்குது, சொல்லு. ஆனா ஊட்டுக்கு வந்து சொல்லு. பத்து வீடு நடக்க முடியாதவ தொட்டி வரைக்கும் ஏறிருக்கா பாரு." தாளை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். உள்ளே போய் ஒரு துணியும் மஞ்சள்தூள் டப்பாவும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "இதை வெச்சுக் கட்டு. கதவைத் தெறந்து போட்டுட்டுப் போறேன். அடுப்புல தண்ணி கெடக்குது, கால் கழுவிக்க. மத்தியானம் சோறு இங்கயே ஆக்கிரு, ரெண்டு பேருக்கு. நான் வந்து திங்கறேன்."

"கொழம்பு என்னங்கக்கா வெக்கட்டும்?"

"நேரமாச்சு புள்ள, என்னமோ வை."

பிலோமி போய்விட்டார். மழையில் அவர் முதுகுப் பை கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. இசக்கியம்மா அந்த வீட்டுக்குள் நுழைந்தார். நான்கு மாதமாக அவர் காலே வைக்காத வீடு. சாமான்கள் இருந்த இடத்தில் இல்லை. மிளகாய் எங்கே, புளி எங்கே என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.